எடுகோள் மாஸ்டரும் ஊற்றித் தராத தேநீரும்

மனிதகுலத்தை எடுகோள் மாஸ்டர் சந்தேகித்த அளவுக்கு சண்டிலிப்பாயில் வேறெவரும் சந்தேகித்ததில்லை. ரியூட்டரி என்கிற தனியார் கல்வி நிலையத்தில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

பொருளியல் பாடங்கள் ஓர் எடுகோளோடு தொடங்கும்: மனிதன் பகுத்தறிவோடு நடப்பான் என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார். “ஆரைக் கேட்டு வைச்சவை?”

உண்ண உண்ண ஆசை குறையும் என்ற பாடத்துக்கு ஒருமுறை ஒரு கூடை வடை வாங்கிவந்து, ரியூட்டரிக் காவலாளியை உண்ணவைத்துக் கரும்பலகையில் கோடு கீறினாராம். பதினான்காவது வடைக்கு அந்த மனிதர் சம்பல் கேட்டார். மாஸ்டர் பலகையை அழித்துவிட்டார்.

பெற்றோல் தட்டுப்பாட்டின்போது, பூட்டிக் கிடந்த நிலையத்தின் முன் வெறும் பிளாஸ்ரிக் கானை வைத்துவிட்டு எதிர்மதகில் குந்தியிருந்தார். அரை மணித்தியாலத்தில் வரிசை சந்திவரை போனது. பெற்றோல் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் இருபத்தேழாவது ஆள். அன்றிலிருந்து அவரைக் கண்ணில் காட்டக்கூடாது எனக்கு.

என் மகள் உயர்தரத்தில் பயோ, அதாவது உயிரியல் பிரிவு, படித்தவள். போன தவணைப் பரீட்சையில் வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். காரணம் சொல்லவில்லை. அடுத்த கிழமை, இரசாயன வகுப்பென்று போகிறவள் எடுகோள் மாஸ்டரின் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிறாள் என்று தெரியவந்தது. பிள்ளையின் மனதைக் கெடுத்தவர் இவர்தான் என்று முடிவுகட்டி ஸ்கூட்டியை எடுத்து அவர் வீட்டுக்குப் போனேன்.

“தேத்தண்ணி குடிக்கிறியளோ தங்கச்சி?”

“வேண்டாம் மாஸ்டர். இப்பதான் குடிச்சனான்.”

தலையாட்டிவிட்டுத் தனக்கு மட்டும் ஊற்றி, என் முன்னாலேயே ஆறுதலாகக் குடித்தார். யாழ்ப்பாணக் குடாநாட்டில், மரியாதைக்குச் சொல்கிற அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொண்ட மனிதரை அன்றுதான் கண்டேன்.

என் பிள்ளையை ஏன் இழுத்தீர்கள் என்று கேட்டேன். தான் கூப்பிடவில்லையாம். வேறு ரியூட்டரி அனுப்பிய உளவாளியோ என்று சந்தேகித்து, மூன்று நாள் வகுப்பு முழுவதற்கும் பிழையான நோட்ஸ் சொன்னாராம்.

“முந்தின பொருளியல்காரர் மனசுக்குள்ளை இருக்கிற இன்பத்தை அளக்கப் பாத்தவை, தங்கச்சி. சரிவரேல்லை. பிறகு வந்தவை, மனசை விடு, ஆள் எதைத் தெரிவுசெய்யுதோ அதுதான் விருப்பம் எண்டவை. இப்ப திரும்பவும் மனசைத் தேடுகினம். உங்களுக்குத் தேத்தண்ணி உண்மையிலை வேண்டாமோ?”

“தண்ணி விடாய்தான்,” என்றேன்.

“பயோ படிக்கிறியோ எண்டு கேக்க, பிள்ளை என்ன சொன்னவள்?”

“ஓம் எண்டவள்.”

“எத்தினை தரம் கேட்டனியள்?”

“ஒரு தரம்.”

“தேத்தண்ணிக்கெண்டால் மூண்டு தரம் கேப்பியள்.”

பயோதான் படிக்க விருப்பமோ என்று அன்று பின்னேரம் மகளிடம் கேட்டேன். ஓம் என்றாள். திரும்பக் கேட்டேன். ஓம் அம்மா என்றாள். மூன்றாம் தரம் கேட்டபோது என் தோளில் முகத்தைப் புதைத்து அழத் தொடங்கினாள்.

அவளைப் பொருளியல் உள்ள கொமர்ஸ் பிரிவுக்கு மாற்றி, நானே அவரிடம் கூட்டிப்போனேன். மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“உனக்கு விருப்பமோ, அம்மாவுக்கு விருப்பமோ?”

“எனக்குத்தான் சேர்.”

“சாட்சி இருக்கோ?”

மகள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நான் வேலியடியில் நின்றேன். புத்தகத்தோடு சண்டைபிடிக்கும் மாஸ்டரின் குரல் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்கூட்டியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.