நான்கு பக்க ராஜினாமா

போக்குவரத்து அமைச்சராகி ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை காலை, அட்டர்னி ருஃபினோ தலிசாயின் மேஜைக்கு மூன்று வரிக் காகிதம் ஒன்று வந்தது. படிக்க வேண்டாம், கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் அலுவலகச் செயலாளர் லுனிங்னிங்.

அது மரியாதை ராஜினாமா. மணிலாவில் அரிசி விலை ஏறினாலோ செனட்டில் கூச்சல் கிளம்பினாலோ, ஜனாதிபதி எல்லா அமைச்சர்களிடமும் ஒரு ராஜினாமாவைக் கேட்டு வாங்கிக்கொள்வார். இரண்டு நாள் செய்தி ஓடும். பிறகு எல்லோரும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே பாண்டேசால் ரொட்டியைக் காபியில் தோய்த்துச் சாப்பிடுவார்கள்.

ருஃபினோவுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் செபுவில் முப்பத்தோரு வருடம் வக்கீலாக இருந்தவர். அரைகுறைப் பத்திரத்தைப் பார்த்தால் அவருக்கு உடம்பு அரிக்கும்.

"இதுல தேதி இல்ல. எப்போலேர்ந்து அமல்னு இல்ல. இது ராஜினாமா இல்லம்மா, பிறந்தநாள் வாழ்த்து."

"எல்லாரும் இதைத்தான் கொடுப்பாங்க, அட்டர்னி."

"எல்லாரும் வக்கீல் இல்லையே."

மத்தியானத்துக்குள் நான்கு பக்கம் எழுதிவிட்டார். 'திரும்பப் பெற இயலாதது', 'இக்கணமே அமலுக்கு வருவது' என்ற இரண்டு சொற்றொடர்களும் இரண்டாம் பக்கத்தில் கம்பீரமாக நின்றன. சாட்சிகள் இருவர். நோட்டரி முத்திரை. உறைக்கு அரக்குகூட வைத்தார். லுனிங்னிங் பெருமூச்சு விட்டபடி அதை ஜனாதிபதி மாளிகைக்கு அனுப்பினார்.

அன்று அமைச்சர்களின் மதிய உணவில் பக்கத்து நாற்காலிக்காரர் விவசாய அமைச்சர் ரெமெடியோஸ். ருஃபினோ தன் கடிதத்தின் அழகை அவரிடம் விவரித்தார். அந்த அம்மாள் கையிலிருந்த லும்பியாச் சுருளைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"இக்கணமே அமல்னா எழுதினீங்க?"

"ஆமா."

"அப்போ நீங்க இங்க எப்படிச் சாப்பிட்டுட்டிருக்கீங்க?"

ருஃபினோ தட்டைத் தள்ளி வைத்தார். பதவி போவது அவருக்குப் பெரிதில்லை. முந்தைய அமைச்சர் திடீரென்று விலகியபோது, யாரோடும் சண்டை இல்லாத ஒரு ஆள் தேடி இவரைப் பிடித்திருந்தார்கள். அவர் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு படகுத்துறைக்காக. சொந்தத் தீவான டம்புலானில் துறை இடிந்து ஆறு வருடம் ஆகிறது. கடல் வற்றினால் படகு தள்ளியே நிற்கும். சுமைகூலிகள் பயணிகளைத் தோளில் தூக்கிக் கரை சேர்ப்பார்கள். அவருடைய அக்கா அசுன்சியோன், தீவுப் பள்ளியின் தலைமை ஆசிரியை, வாரத்துக்கு இரண்டு முறை தன் பழைய மாணவன் ஒருவன் தோளில் ஏறிப் போய் வந்துகொண்டிருந்தார். புதிய துறைக்கான கோப்பு வெள்ளிக்கிழமை கையெழுத்துக்கு வரவிருந்தது.

அக்கா சாயங்காலமே போன் செய்தார். "டோடோங், இனி உன் தோள் வேண்டாம்டான்னு என்னைத் தூக்கற பையன்கிட்ட சொல்லிட்டேன். என் தம்பி துறை கட்டப்போறான்னுட்டேன்." டோடோங் என்பது தம்பிக்கு அக்கா வைத்த செல்லப்பெயர். தம்பிக்கு வயது அறுபது. சரி அக்கா என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை, ராஜினாமாவை வாபஸ் பெறுவதாக இரண்டு பக்கம் எழுதினார். சும்மா இருங்களேன் அட்டர்னி, இன்னும் ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லையே என்றார் லுனிங்னிங். எதிர்த்தரப்பு மௌனமாக இருக்கும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று ருஃபினோ அவருக்கு விளக்கிவிட்டு, அதையும் மாளிகைக்கு அனுப்பினார்.

அன்று மாலையே மாளிகைச் சட்டப் பிரிவிலிருந்து ஓர் இளம் பெண் போன் செய்து, ராஜினாமாவின் நகல் ஒன்று கிடைக்குமா என்று மிகவும் பணிவாகக் கேட்டாள். அந்தப் பணிவே ருஃபினோவைக் கலக்கியது. நீதிமன்றத்தில் அவரை யாராவது பணிவாகக் கேள்வி கேட்டால் அந்த வழக்கு தோற்றதாகத்தான் அர்த்தம்.

அதனால் ஒன்றுக்கு மூன்றாகச் சான்றளித்த நகல்கள் போயின. கூடவே பதினோரு பக்கக் குறிப்பு: 'திரும்பப் பெற இயலாத' ராஜினாமாவை ஏன் திரும்பப் பெறலாம் என்று. நேர்மையான வக்கீல் என்பதால், பெற முடியாது என்று சொன்ன தீர்ப்புகளையும் கடைசியில் சேர்த்திருந்தார். பெறலாம் என்பதற்கு இரண்டு தீர்ப்பு. பெற முடியாது என்பதற்கு ஒன்பது.

"அந்த ஒன்பதையும் சொல்லியே ஆகணுமா?" என்று கேட்டார் லுனிங்னிங்.

"மறைச்சா நான் என்ன வக்கீல்?"

வியாழக்கிழமை பதில் வந்தது. மாண்புமிகு தலிசாய் எடுத்துக்காட்டிய ஒன்பது தீர்ப்புகளின்படி அவருடைய ராஜினாமா முழுமையானது, மாற்ற முடியாதது. ஜனாதிபதி மிகுந்த வருத்தத்துடன் ஏற்றுக்கொள்கிறார். மற்ற பதினேழு அமைச்சர்களும் பணியில் தொடர்வார்கள். குறிப்பு அபாரமாக இருந்ததென்று அந்த இளம் பெண் ஓரத்தில் பென்சிலால் தனியாக எழுதியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டம்புலான் கோப்பு வந்தது. ருஃபினோ அதைத் திறந்து, வரைபடத்தை ஒருமுறை பார்த்து, மூடிவைத்தார். பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. கையெழுத்துப் போட முடியாதென்று அக்காவிடம் போனில் சொன்னார். அந்தப் பையனிடம் நானே பேசிக்கொள்கிறேன், அவன் நல்ல பையன்தான் என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் அடையாள அட்டையை ஒப்படைக்க மாளிகையின் ஆவண அறைக்குப் போனார். அங்கே முப்பது வருடமாக ஒரே நாற்காலியில் இருக்கும் எழுத்தர் மாங் செலோ, அட்டையை வாங்கிக்கொண்டு ரசீது எழுதினார். ருஃபினோ சற்றுத் தயங்கி, தன் ராஜினாமாவின் மூலப் பிரதியை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். என்ன இருந்தாலும் நல்ல எழுத்து.

மாங் செலோ உள்ளே போய், நாடாவால் கட்டிய பதினெட்டு உறைகளைக் கொண்டுவந்து வைத்தார். பதினேழு மெலிந்தவை. பதினெட்டாவது தடித்தது. அதன் அரக்கு உடையாமல் பளபளத்தது.

ருஃபினோ அரக்கை விரலால் தடவிப் பார்த்தார்.

"மரியாதை ராஜினாமாவை நாங்க எந்தக் காலத்துலயும் பிரிச்சுப் படிச்சதே இல்ல, அட்டர்னி," என்றார் மாங் செலோ. "வாபஸ் வாங்கறேன்னு எழுதினீங்க பாருங்க, அப்பத்தான் நீங்க நிஜமாவே ராஜினாமா பண்ணிட்டீங்கன்னு எங்களுக்குத் தெரிஞ்சுது."