வாப்பாவின் பெயரில் ஒரு மேசை

சட்டம் படிக்கிறவர்கள் ஊரில் காண்கிற எல்லோருக்கும் ஒரு புத்திமதியை இலவசமாக வழங்குவார்கள்: "வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்." அதைத் தங்களுக்கு மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். நானும் சொல்லிக்கொள்ளவில்லை. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்குப் பாதி ஊர் சாப்பிட வந்தது.

நான் அப்போது கொழும்பில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது ஒரு கட்டுரை வேலையும் கூடவே வந்தது. இணையத்தில் ஆடும் போக்கர் திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா? அரசு அதைத் தடை செய்ய வேண்டுமா, அனுமதி கொடுத்து ஒழுங்குபடுத்த வேண்டுமா? மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்து எழுதட்டும், நான் ஆடிப் பார்த்து எழுதுகிறேன் என்று முடிவு செய்தேன். (கொலையைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று உம்மா பிறகு கேட்டார்.)

என் போனில் இடமில்லை. விரிவுரைப் பதிவுகள் அடைத்துக்கொண்டிருந்தன. வாப்பாவின் போன் புதியது, காலியாகவும் கிடந்தது.

வாப்பாவுக்குக் கல்முனை பஸாரில் ஹாட்வெயார் கடை. அவரிடம் ஒரு ஆணி வாங்கியவரின் இலக்கம்கூட அந்தப் போனில் இருக்கும். பள்ளிவாசலை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர் சபையிலும் அவர் உறுப்பினர். பிள்ளைகள் போனில் சூதாடுவதைத் தடுக்கச் சபை அப்போதுதான் ஒரு குழு அமைத்திருந்தது. குழுவின் தலைவர், என் வாப்பாவேதான்.

அந்தப் போனில்தான் போக்கரை இறக்கினேன். (காசு வைத்து ஆடுவது இல்லை, அந்த அளவுக்கு அல்லாஹ்வின் பயம் இருந்தது.) சும்மா தருகிற சிப்ஸை வைத்து ஆடுவது. தின்கிற சிப்ஸ் அல்ல, பந்தயத்துக்கு வைக்கிற வட்டக் காய்கள்.

முதல் நாள் தொட்டதெல்லாம் வென்றேன். வந்த சீட்டெல்லாம் ராஜாவும் ராணியுமாக இருந்ததை நான் கவனிக்கவில்லை, என் மூளையைத்தான் கவனித்தேன். "போக்கர் பெரும்பாலும் திறமையே" என்று கட்டுரையைத் தொடங்கினேன். கையில் ஒன்றுமில்லாமலே எல்லாம் இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளும் நுட்பத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். மறுநாள் அத்தனையையும் தோற்றேன். அது வெறும் அதிர்ஷ்டக் குறைவு என்று எனக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை காலை, வாப்பா ஜும்ஆவுக்காகக் குளித்துக்கொண்டிருந்த நேரம், என்னிடம் ஒரு சிப்ஸும் இல்லை. திரையில் ஓர் அறிவிப்பு வந்தது: நண்பர்களை அழைத்தால் சிப்ஸ் இலவசம். கீழே எறும்பு வரிசை போல நிபந்தனைகள். அதற்கும் கீழே "அனுமதிக்கிறேன்" என்று பச்சைப் பொத்தான். ஒப்பந்தச் சட்டத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த நான் எறும்புகளைத் தாண்டிப் பொத்தானை அமத்தினேன். சிப்ஸ் கொட்டியது. வாப்பா தலை துவட்டி முடிப்பதற்குள் அதையும் தோற்றேன். அவர் போனைச் சத்தமில்லாமல் ஆக்கிப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

பகல் உம்மா சுறா ஆக்கியிருந்தார். எங்கள் மூவருக்கு மட்டும். வாசலில் கூப்பிடும் சத்தம் கேட்டது. பாண்டிருப்பு மேசன் யோகராசா அண்ணன், வெள்ளைச் சட்டையும் கையில் தயிர்ச்சட்டியுமாக நின்றார்.

"ஹாஜியார் வரச் சொன்னவர் பிள்ள. நான்தான் முதல் ஆள் போல" என்றார்.

"வாப்பாவா? எப்ப?"

அவர் போனை நீட்டினார். வாப்பாவின் இலக்கத்திலிருந்து ஒரு செய்தி. ஏதோ இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ்: "அன்பு நண்பரே! என் மேசையில் உங்களுக்கு இருக்கை தயார். இன்றே வாருங்கள், சூடாக இருக்கும்போதே வாருங்கள். வெறுங்கையுடன் திரும்ப மாட்டீர்கள்!" கீழே நீல நிறத்தில் ஓர் இணைப்பு.

"இது என்ன அண்ணன்?" என்று அந்த நீலத்தைக் காட்டிக் கேட்டேன்.

"வீட்டுக்கு வழி காட்டுற மெப் எண்டு நினைச்சன். இந்த வீட்டக் கட்டினதே நான், எனக்கு எதுக்கு மெப்?"

வாப்பா போன வாரம்தான் மக்காவுக்கு உம்ரா போய் வந்திருந்தார். ஊர் ஒரு சாப்பாட்டுக்காகக் காத்திருந்தது. அந்தச் செய்தியைக் கண்டவர்களுக்கு வேறு சந்தேகமே வந்திருக்காது.

குசினிக்கு ஓடினேன். உம்மா என் முகத்தைப் பார்த்ததும் அகப்பையை வைத்தார்.

"ஒன்ட முழியே சரியில்ல. என்னத்தகா செஞ்ச?"

சொன்னேன். அந்தப் பச்சைப் பொத்தான் போனிலிருந்த அத்தனை இலக்கங்களுக்கும் அழைப்பு அனுப்பியிருந்ததையும் சொன்னேன். உம்மா கண்ணை மூடித் திறந்தார். "கடதாசி விளையாட்டா? அதுவும் வாப்பாட போன்லயா? ஒன்ட படிப்ப இன்டைக்கே நிப்பாட்டணும். இப்ப ஏச நேரமில்ல. பக்கத்து வீடுகள்ள சகன் தட்டெல்லாம் வாங்கிட்டு வா, ஓடு!"

பலர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் அந்தப் பெரிய தட்டுகளோடு நான் திரும்புவதற்குள் உம்மா சாப்பாட்டுக் கடைக்காரரைப் பிடித்து, ஜும்ஆக் கூட்டத்துக்கு விற்க வைத்திருந்த புரியாணியைச் சட்டியோடு ஆட்டோவில் ஏற்ற வைத்திருந்தார். அதற்குள் பள்ளி கலைந்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வாழைப்பழச் சீப்பு, முந்திரிப்பழப் பை, சவளக்கடை ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர் கையில் இன்னொரு தயிர்ச்சட்டி.

வாப்பா கடைசியில் வந்தார். வாசலில் செருப்புக் குவியலைக் கண்டதும் முகம் வெளிறியது. (உம்மா மவுத்தாகிவிட்டார் என்றே நினைத்தாராம்.) குசினிக் கதவில் உம்மாவை உயிரோடு கண்டார். பிறகு கூடத்தில் சகனைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைக் கண்டார். ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வாங்க, வாங்க! ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இரிந்த" என்றார்.

நான் பக்கம் பக்கமாக எழுதிய நுட்பத்தை, வாழ்க்கையில் சீட்டுக்கட்டைத் தொடாத மனிதர் ஒரு வாக்கியத்தில் செய்து காட்டினார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் எங்கள் பள்ளி மௌலவி தன் போனை எடுத்து, "ஹாஜியார், இந்த நீலமா இரிக்கிறது என்ன?" என்று கேட்டுக்கொண்டே அதை அமத்தினார். காசு கொட்டும் சத்தம். பாட்டு. கையில்லாச் சட்டை போட்ட ஒரு பெண் சீட்டுகளை விசிறியாக விரித்துக்கொண்டு, "வருக, அதிர்ஷ்டசாலியே!" என்று மௌலவியைக் கூப்பிட்டாள்.

வாயருகே போன கைகள் அப்படியே நின்றன. "அப்ப ஹாஜியார் நம்மளச் சூதாடவா கூப்புட்ட?" என்று யாரோ மெல்லக் கேட்டார்.

வாப்பாவின் பார்வை நேரே என்னிடம் வந்தது. "மகள், இங்க வா. செல்லு."

நான் முன்னுக்கு வந்து சொன்னேன். சொல்லியிருக்கலாம், அதோடு நிறுத்தியிருக்கலாம். பயத்தில் சட்டம் கதைக்கத் தொடங்கிவிட்டேன். திறமையின் பங்கு, அதிர்ஷ்டத்தின் பங்கு, காசு இல்லாவிட்டால் அது சூது என்ற வரைவிலக்கணத்துக்குள் வராது, மௌலவி விரும்பினால் மேல்முறையீடு... மௌலவி ஒரு கையால் அந்தப் பெண்ணை மூடிக்கொண்டு மறுகையால் பாட்டை நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தார்.

நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் யோகராசா அண்ணனின் குரல் வந்தது. "அப்ப எங்கள ஒருத்தரும் சாப்பிடக் கூப்பிடல்லயா?" கையில் பெரிய இறைச்சித் துண்டு. அதை வைப்பதா, தின்பதா என்ற உண்மையான கவலை முகத்தில்.

முதலில் சிரித்தவர் மௌலவி. பிறகு கூடமே சிரித்தது. வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, சகனில் யோகராசா அண்ணனின் பக்கமாக இன்னும் சோறு அள்ளி வைத்தார். "கூப்புட்டது ஆரெண்டாலும் சோறு எங்கட. சாப்புடுங்க" என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, "சட்டம் படிக்கிற புள்ளையே ஒரு பொத்தான அமத்தி இப்பிடி மாட்டினா, நம்மட சின்னப் புள்ளைகள் என்ன செய்யும்? இதத்தான் நான் கூட்டத்துல செல்ல இரிந்த" என்றார்.

அவருடைய குழுவுக்கு அதைவிட நல்ல கூட்டம் பிறகு அமையவே இல்லை.

படிப்பை நிறுத்தவில்லை. உம்மா தண்டனையை அத்தனை சகன் தட்டுகளையும் கழுவுவதாகக் குறைத்தார். கட்டுரையைக் கிழித்து மீண்டும் எழுதினேன். திறமையோ அதிர்ஷ்டமோ, அந்தப் பச்சைப் பொத்தானைத்தான் முதலில் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று முடித்தேன். விரிவுரையாளர் ஓரத்தில் "இதற்கு ஆதாரம் எங்கே?" என்று எழுதியிருந்தார்.

இப்போது நான் கல்முனையில் வழக்கறிஞர். என் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அச்சடித்தபோது, திகதிக்கும் மண்டபத்துக்கும் கீழே வாப்பா என்னைக் கேட்காமலே ஒரு வரி சேர்த்துவிட்டார்: "சாப்பாடு உண்மையாகவே உண்டு." மாப்பிள்ளை வீட்டாருக்கு அது விளங்கவில்லை. யோகராசா அண்ணன் பந்தியில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளங்கப்படுத்தினார். அன்றிலிருந்து யார் சாப்பிடக் கூப்பிட்டாலும், எழும்புவதற்கு முன் என் மாமியார் என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்:

"மருமகள், சோறா? லிங்க்கா?"