படுதாவும் பணிமாற்ற ஆணையும்

இனி ஒரு முழம் துணியைக்கூடத் தாங்கிப் பிடிப்பதில்லை என்று ஆபீசர் பல் தேய்க்கும்போதே முடிவு கட்டிவிட்டார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதமாகியும் தெரு அவரை ஆபீசர் என்றுதான் கூப்பிட்டது. வீட்டில் அவருடைய பதவியே வேறு. மனைவி நாடக மேடைகளுக்குப் படுதா தைப்பவள். அவள் மெஷினில் உட்கார்ந்து தைப்பாள். இவர் மெஷினுக்குப் பின்னால் நின்று, தைத்து வரும் துணியை இரண்டு கையாலும் ஏந்திக்கொள்ள வேண்டும்.

வெல்வெட் பார்க்கத்தான் சாது. இருபதடி நீளத்தில் ஆறு துண்டை ஒட்டித் தைத்தால் ஓர் ஆள் கனம் வரும். கொஞ்சம் தொங்கவிட்டாலும் இழுவையில் ஊசி முறியும். முறிந்தால் மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். அதற்கு அவருடைய பழைய மேலதிகாரிகளே தேவலை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். நான்கு மணியைத்தான் பொறுக்க முடியவில்லை. நான்கு மணிக்கு எதிர்வீட்டு வாத்தியார் இவரோடு ஆடுவதற்காக வராந்தாவில் சதுரங்கக் காய்களை அடுக்கும் சத்தம் கேட்கும். கை நிறைய துணியோடு எப்படிப் போவது? தைக்கிறவர் நினைத்தால் நிறுத்தலாம். தாங்குகிறவர் நிறுத்த முடியுமா? ஆகவே மெஷின் நாற்காலியைப் பிடித்துவிட வேண்டியதுதான் என்று கணக்குப் போட்டார்.

டீ கொண்டுவந்த மனைவியிடம் ஒரு தாளை நீட்டினார்.

"என்னங்க இது?"

"பணிமாற்ற ஆணை. இன்னையிலேருந்து நான் தைக்கிறேன். நீ தாங்கு."

"உங்களுக்குத் தைக்க வருமா?"

"ஆறு மாசமா பக்கத்துலயே நின்னு பாக்குறேன். நேர்கோடுதானே? முப்பது வருஷம் நேர்மையா வேலை பாத்தவனுக்கு ஒரு நேர்கோடு வராதா?"

சண்டைக்கு வருவாள் என்று நாலைந்து பதில்களைத் தயாராக வைத்திருந்தார். அவளோ தாளை இரண்டு தடவை நிதானமாகப் படித்தாள்.

"அப்புறம் மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"நானா? போட்ட கையெழுத்தை மாத்தினவன் இல்ல."

"அப்ப அதையும் எழுதிடுங்க. ஒரு வருஷத்துக்கு மாத்தறதில்லைன்னு."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். யாரும் கேட்காமலே தேதியும் போட்டார்.

மாலை ஐந்து மணிக்கு நாடகக் குழுவின் வேன் வந்துவிடும். துண்டோடு துண்டு ஒட்டும் மூட்டுகளில் கடைசி இரண்டு பாக்கி. மெஷின் படுக்கையறை வாசலை ஒட்டி இருந்தது. தைத்த துணி வாசல் திரைக்கு அடியில் புகுந்து உள்ளே போகும். மனைவி உள்ளே போய் நின்றுகொண்டாள். குண்டூசி குத்தினால் வெல்வெட்டில் காணாமல் போகுமென்று சாணுக்கு ஒன்றாகத் துணிக் கிளிப் மாட்டியிருந்தாள்.

"கிளிப்பை ஒவ்வொண்ணா எடுத்துட்டே வாங்க. துணியை இழுக்காதீங்க, அதுவா போகும். மடியில என்ன கிடக்குன்னு அப்பப்பப் பாத்துக்குங்க."

"எல்லாம் தெரியும்."

முதல் ஐந்தடி கோணல்மாணல். பிறகு கை பழகிவிட்டது. துணியும் வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

"பரவாயில்லையே, கனமே தெரியல. நல்லாத் தாங்குறியே?"

"ம்," என்றது திரைக்குள்ளிருந்து ஒரு குரல்.

அரைமணி கழித்து மறுபடியும் பாராட்டினார். இந்தத் தடவை 'ம்' வரவில்லை. வேலை நேரத்தில் பேசாமல் இருக்கிறாள், ஒரு நல்ல அதிகாரியின் கீழ் இப்படித்தான் ஒழுங்கு வரும் என்று அவருக்குப் பூரிப்பு. முதுகு விண் விண் என்று தெறித்தது. கடைசி மூட்டு முடியப்போகும் சமயம் உடம்பு தானாகவே மெஷினை நோக்கி வளைந்தது. வேலையில் அவ்வளவு லயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

மணி நான்கு அடித்துக் கால் மணி ஆகியிருந்தது. நூலை அறுத்துவிட்டு எழுந்தார். படுதாவும் கூடவே எழுந்தது.

சட்டையின் முன்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு மூட்டோடு சேர்ந்து தைபட்டிருந்தது. அன்றைக்கு அவர் போட்டதிலேயே நேரான தையல் அதுதான். கழற்றிப் போட்டுவிட்டு ஓடலாமென்றால் அன்றைக்கென்று உள்ளே பனியன் இல்லை.

"இந்தா, கொஞ்சம் வாயேன்."

இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். சட்டை இடம்கொடுத்த மட்டும் எட்டி, திரையை விலக்கிப் பார்த்தார். கட்டிலின் மேல் மூன்று மெத்தை அடுக்கி, சரியாக மெஷின் உயரத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது. அதன்மேல் முழுப் படுதாவும் விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சொகுசாகப் படுத்துக் கிடந்தது. மனைவியைக் காணோம்.

தெருப்பக்க ஜன்னல் வழியே பார்த்தார். எதிர்வீட்டு வராந்தாவில் அவருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து குதிரையை நகர்த்திக்கொண்டிருந்தாள். வாத்தியார் தலையில் கைவைத்திருந்தார்.

ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது வந்து சேர்ந்தாள்.

"வாத்தியார் ரெண்டு ஆட்டம் தோத்துட்டார், பாவம்."

"கட்டில்ல போட்டாலே போதும்னா ஆறு மாசமா என்னை எதுக்கு நிக்க வச்சே?"

"ரிட்டயர் ஆன முதல் வாரம் என்ன பண்ணீங்க? சமையலறை டப்பாவுக்கெல்லாம் நம்பர் போட்டு இடம் மாத்துனீங்க. மூணு நாள் உப்பைத் தேடினேன். உங்க கை ரெண்டும் எங்கயாவது பத்திரமா இருக்கட்டுமேன்னுதான்."

அவருக்குக் கோபம் வந்தது. சட்டை தைபட்ட நிலையில் கோபத்தை எந்தப் பக்கம் திரும்பிக் காட்டுவது என்று தெரியவில்லை. வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"படுதாவை வெட்டவா, சட்டையை வெட்டவா?"

சட்டைதான் போயிற்று. வேன் கிளம்பியதும் மனைவி கைகளைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நாளைக்கு இன்னும் பெரிசு ஒண்ணு வருது. எட்டு மூட்டு."

"அப்ப நாலு மணிக்கு வாத்தியார்?"

"அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. உங்க ஆட்டத்தை நான் பாத்துக்கிறேன்."

ஆபீசர் அரைச் சட்டையோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார். குரல் தானாகவே இறங்கியது.

"நான் வேணா பழையபடி தாங்கறேனே."

அவள் ஆணையை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

"அந்த இடம் காலி இல்லீங்க. கட்டிலை வேலைக்குச் சேத்தாச்சு."