பூமியின் வயதும் மூன்றாவது ஓலையும்

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வலது கையை நெஞ்சில் வைத்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்காமல், முழு சுயநினைவோடு செய்யப்படும் சத்தியம் இது. பூமிப் பந்து எப்போது உண்டானது என்று உலகத்து மேதைகளெல்லாம் நூறு கருவிகளை வைத்துக்கொண்டு திண்டாடியிருக்க, அதே கேள்வியை ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தேநீர் இடைவேளை உட்பட ஒன்றே முக்கால் மணி நேரத்தில், கருவி எதுவும் இல்லாமல் விசாரித்து முடித்த பெருமை அடையாறுக்கே உரியது.

அடையாறில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது 'திருவசன மேல்மாடிச் சபை'. அறுபது குடும்பம், நான்கு மின்விசிறி, இரண்டு மூப்பர்கள். ராபர்ட் மூப்பர் கப்பல் கம்பெனியில் கணக்கதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆதாம் தொடங்கி முற்பிதாக்களின் வயதை எல்லாம் கால்குலேட்டரில் கூட்டி, பூமிக்கு ஆறாயிரம் வருடம், ஒரு நாள் கூடாது குறையாது என்று கண்டுபிடித்தவர். மிக்கேல் மூப்பர் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். ஆறு நாள் படைப்பு என்றால் ஒவ்வொரு நாளும் பல கோடி வருட நீளம், ஆகவே பூமிக்கு நானூற்று ஐம்பத்து நான்கு கோடி வயது, இதில் ஆண்டவருக்கும் ஆட்சேபம் இருக்காது என்பது அவர் கட்சி. ஆறாயிரத்தார் இடப்பக்க மின்விசிறிகளின் கீழும் கோடியார் வலப்பக்க மின்விசிறிகளின் கீழும் உட்காருவார்கள். மூப்பர்கள் இருவரும் பதினோரு வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. கொள்கை உறுதி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

பட்டினப்பாக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து மீன் விற்கும் தேசம்மா ஆறு வருடமாக இந்தச் சபையில் இருந்தாள். அவள் உட்காருவது கடைசி வரிசையில், செருப்பு விடும் இடத்தை ஒட்டி. அங்கே எந்தக் கட்சியின் காற்றும் வராது. அவள் மகள் ஏஞ்சல் ராயப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். சபையின் பாடற்குழுவில் பாடுகிறவள். அதே குழுவில் கீபோர்டு வாசிக்கிற கிஷோர் தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்காரன், ராபர்ட் மூப்பரின் தம்பி மகன். தாய் தகப்பன் இல்லாத பையனை வளர்த்தவர் மூப்பர்தான். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவானது. மூப்பர் 'சரி' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. ஜெபிக்கிறேன் என்றார்.

கிறிஸ்தவக் கல்யாணம் என்றால் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் அறிவிப்பார்கள். முதல் ஓலை சுகமாகப் போனது. இரண்டாவது ஓலை வாசித்து முடித்ததும் ராபர்ட் மூப்பர் எழுந்து மைக்கை வாங்கினார். தனக்குப் பெண் மேல் எந்த வருத்தமும் இல்லை, ஆனால் அவள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூமியின் வயது நானூற்று ஐம்பத்து நான்கு கோடி என்று பாடம் நடத்தியதாகத் தகவல் வந்திருக்கிறது, இப்படிப்பட்ட ஒருவரைத் தன் வீட்டுக்குள் எப்படி விடுவது என்று தழுதழுத்தார்.

எல்லோரும் வலப்பக்கம் திரும்பினார்கள். கோடியாரின் தலைவர் பெண்ணுக்காகப் பேசுவார் என்று எதிர்பார்ப்பு. மிக்கேல் மூப்பரும் எழுந்தார். எண் சரிதான் என்றார். ஆனால் அதே பாடத்தின் கடைசிப் பக்கத்தில் மனிதனும் மற்ற உயிர்களும் ஒரே வேரிலிருந்து வந்ததாக இருக்கிறது, பூமிக்கு எவ்வளவு வயது வேண்டுமானாலும் இருக்கலாம், மனிதனுக்கு அப்படிப்பட்ட சொந்தக்காரர்கள் இருக்க முடியாது, ஆகவே சகோதரர் ராபர்ட்டின் ஆட்சேபத்தை வழிமொழிகிறேன் என்றார். பதினோரு வருடத்தில் இரண்டு மூப்பர்களும் ஒரே கருத்தைச் சொன்ன முதல் சந்தர்ப்பம் இதுதான். வயதான சகோதரிகள் சிலர் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள்.

தேசம்மாவும் அழுதாள். அவளுக்குப் புரிந்தது ஒன்றுதான். மூன்றாவது ஓலை வாசிக்காவிட்டால் கல்யாணம் இல்லை. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. அன்வர் பாஷாவிடம் பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது. குப்பம் முழுக்கப் புடவை எடுத்தாகிவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்டாள்.

"ஏண்டி, அந்த வயச கொஞ்சம் கொறச்சி சொல்லிட்டுப் போனா இன்னா? நானு மீனுக்கு சொல்றதில்ல?"

"அது மீனும்மா. மீனு பேசாது, நீ பேசற. கல்லு தானே பேசுது."

பல்லாவரம் மலையில் கிடக்கிற கருங்கல்லுக்கே இருநூற்று ஐம்பது கோடி வயது என்று ஆய்வுக்கூடத்தில் கணக்கிட்டிருப்பதை ஏஞ்சல் சொன்னாள். பிள்ளைகள் முகத்தைப் பார்த்து அதை மாற்றிச் சொல்ல வராது என்றாள். தேசம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கல்லைத்தான் தன் வீட்டு வாசல்படியாகப் போட்டிருக்கிறது, இவ்வளவு வயசானதின் மேலா இத்தனை நாள் மீன் கழுவித் தண்ணி ஊற்றினோம் என்று நினைத்துக்கொண்டாள்.

போதகர் பிரபு பயந்த சுபாவம். பயந்தவர்கள் செய்வதை அவரும் செய்தார், குழு அமைத்தார். 'புவி வயது விசாரணைக் குழு'. மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை, கஸ்தூரிபா நகரில் ராபர்ட் மூப்பர் வீட்டில் கூடியது. குழுவினருக்கு ஹாலில் சோபா, பீங்கான் கோப்பையில் தேநீர். தேசம்மாவுக்கும் ஏஞ்சலுக்கும் ஹால் வாசலுக்கு வெளியே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, காகிதக் கோப்பையில் தேநீர். காற்றோட்டமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம். கிஷோர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிலைப்படியில் நின்றான்.

போதகர் முதலில் சபை விதியைப் படித்தார். தடை சொல்கிறவர்கள் அதைக் காரணத்தோடு எழுதி, இரண்டு மூப்பர்களும் கையெழுத்திட்டு, மூன்றாவது ஓலைக்கு முன் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தடை செல்லாது. அதற்கென்ன, இதோ என்று ராபர்ட் மூப்பர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

ஏஞ்சல் வாசலிலிருந்தே சாட்சி சொன்னாள். பல்லாவரத்துக் கல்லைச் சொன்னாள். கடலே இல்லாத அரியலூரில் கடல் சிப்பிகள் கல்லாகிக் கிடப்பதைச் சொன்னாள். இருபத்தைந்து லட்சம் வருடம் பயணம் செய்து நம் கண்ணுக்கு வந்து சேர்கிற நட்சத்திரக் கூட்டத்தின் வெளிச்சத்தைச் சொன்னாள். ராபர்ட் மூப்பர் ஒவ்வொன்றையும் கனிவோடு தீர்த்துவைத்தார். சிப்பியை நோவா காலத்து வெள்ளம் கொண்டுபோய்ப் போட்டது. கல்லை ஆண்டவர் வயதான கல்லாகவே படைத்தார். வெளிச்சத்தைப் பாதி வழியிலேயே படைத்துவிட்டார். கடைசியாக, படைக்கும்போது நீ பார்த்தாயா அம்மா என்று கேட்டார். பார்க்கவில்லை என்று ஏஞ்சல் ஒப்புக்கொண்டதும் அது குறிப்பில் ஏற்றப்பட்டது.

அப்போதுதான் தேசம்மா கூடையிலிருந்து ஒரு வஞ்சிரத்தை எடுத்து, சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லி நீட்டினாள். ராபர்ட் மூப்பர் வேதத்துக்கு அடுத்தபடி நேசிப்பது வஞ்சிரம். எழுந்து வந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, செவுளைத் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது நாலு நாள் மீன், தேசம்மா."

"இன்னா சார், காத்தால புடிச்சது."

"கண்ணு உள்ள போயிருக்கு. செவுள் வெளுத்துப்போச்சு. அமுக்கினா குழி விழுது பார்."

"புடிக்கச்சொல்லோ நீங்க படகுல இருந்தீங்களா சார்?"

"இருக்கணுமா என்ன? மீனே சொல்லுதே."

"ஆண்டவரு அத்த நாலு நாள் மீனாவே படைச்சிருப்பாரு சார். அந்தக் கல்லுக்கு இப்பதான சொன்னீங்கோ."

மிக்கேல் மூப்பர் சிரித்ததில் தேநீர் புரையேறியது. தேசம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சிரிக்காதீங்கோ சார். ஒங்க கணக்குக்கும் காத்தாலதான். ஒரு நாள்ன்றது பல கோடி வருசம்னா, இது எந்தக் காத்தாலன்னு யாரு கேக்கறது?"

கிஷோர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. போதகர் கடமை தவறாமல் எழுதினார்: 'மீனைப் பொறுத்தவரை சாட்சியம் ஏற்கப்படும். பூமியைப் பொறுத்தவரை ஏற்கப்படாது.'

பிறகு தேசம்மா நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். குரலை இறக்கிக்கொண்டாள்.

"எனுக்குப் படிப்பு இல்ல சார். எம் பொண்ணு தப்பா சொல்லிட்டான்னே வச்சுக்கோங்க. சரியான வயச நீங்களே எழுதுங்கோ. ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக் குடுங்கோ. அவ அந்தக் காயிதத்துல இன்னா கீதோ அத்தயே ஒத்துக்கறாளா இல்லியா பாப்போம்."

நியாயமான கோரிக்கை என்று போதகருக்குப் பட்டது. ராபர்ட் மூப்பர் 'ஆறாயிரம்' என்று எழுதி, காகிதத்தை மிக்கேல் மூப்பரிடம் தள்ளினார். அவர் அதை அடித்து '454 கோடி' என்று எழுதித் திருப்பித் தள்ளினார். எண் வேண்டாம், 'தவறான வயது' என்று மட்டும் எழுதலாம் என்றார் ராபர்ட் மூப்பர். எதோடு ஒப்பிட்டுத் தவறு என்று விதியில் கேட்டிருக்கிறது என்றார் போதகர். அடுத்த முக்கால் மணி நேரம் பெண்ணை எல்லோரும் மறந்துபோனார்கள். செடிகொடியை மூன்றாம் நாள் படைத்து, சூரியனை நான்காம் நாள் படைத்தார், உங்கள் செடிகள் பல கோடி வருடம் இருட்டிலா நின்றன என்று ராபர்ட் மூப்பர் கேட்டார். பாதி வழியில் வெளிச்சத்தைப் படைத்து, நடக்காததை எல்லாம் நடந்ததுபோல் காட்ட ஆண்டவர் என்ன சினிமாவா எடுக்கிறார் என்று மிக்கேல் மூப்பர் கேட்டார். கீழே தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். போதகர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சராசரி எடுக்கலாமா என்றார். இருநூற்று இருபத்தேழு கோடியே மூவாயிரம் வருடம், இரு தரப்புக்கும் நஷ்டமில்லை. அதற்குப் பிறகு அன்று அவரை யாரும் பேசவிடவில்லை.

இரண்டு கையெழுத்தும் விழவில்லை. காகிதம் அடித்தல் திருத்தலோடு தேநீர்க் கோப்பைக்கு அடியில் கிடந்தது. கிஷோர் உள்ளே வந்து மீன் கூடையைத் தூக்கிக்கொண்டான்.

"வாங்க அத்தை, போலாம். பெரியப்பாவுக்கு இன்னும் நேரமாகும்."

மறுநாள் காலை எழுத்துமூலமான தடை ஏதும் வராத காரணத்தால் மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது. வியாழக்கிழமை கல்யாணம். அன்வர் பாஷாவின் பிரியாணியை மூப்பர்கள் இருவரும் தனித்தனிப் பந்தியில் சாப்பிட்டார்கள். கொள்கைக்காகச் சொந்த விருப்பத்தையே விட்டுக்கொடுத்த இப்படிப்பட்ட பெரியவர்கள் இருக்கும்வரை உண்மைக்கு அழிவில்லை.

இவ்வளவும் சபையின் தீர்மானப் புத்தகத்தில் உள்ளபடி எழுதப்பட்டது. அதே அலமாரியில் ஓலைப் பதிவேடும் இருக்கிறது. பதினோரு வருடத்தில் எழுபத்து மூன்று கல்யாணங்களின் ஓலைகள். மணப்பெண்களில் ஒன்பது பேர் அறிவியல் டீச்சர்கள், எல்லோரும் நடத்தியது அதே பாடம். பூமியின் வயது கேட்கப்பட்டது ஒரே ஒரு கல்யாணத்தில். முகவரிக் கட்டத்தில் 'குப்பம்' என்று எழுதியிருந்ததும் அந்த ஒன்றில்தான்.