வாசனை உபகாரி

இரண்டு கைகள் வேலையில் இருக்கின்றன. நான்கு ஃபில்டர் அட்டைகளைச் சதுரமாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி உள்பக்கம் பார்க்கிறதா என்று இருமுறை சரிபார்த்து, மூலைகளை டேப்பால் ஒட்டி, அடியில் ஓர் அட்டையை அடைத்து, மேலே சதுர மின்விசிறியைக் காற்றை வெளியே தள்ளும்படி பொருத்துகின்றன. இடுக்கு எங்கும் இல்லை. கடையில் முந்நூறு டாலர் சொல்லும் காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் வேலையை இது எண்பதில் செய்யும். அருமையான கைகள். இதோடு அவை நிறுத்திக்கொண்டால் நான் ஏன் எழுதப்போகிறேன்?

வலது கை மெல்ல அலமாரிப் பக்கம் நகர்கிறது. எலுமிச்சை ஸ்ப்ரே. புஸ். இன்னொரு புஸ்.

வாசகரே, இந்த இனத்துக்கு வாசனை உபகாரி என்று பெயர். க்ளீவ்லேண்டில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒருவர் இருக்கிறார்: எல்மர் பாவ்லிக், ஓய்வுபெற்ற பிளம்பர். தங்கமான மனிதர். நாற்றத்தைக்கூட மன்னித்துவிடுவார், எந்த மணமும் இல்லாததைத்தான் அவரால் நம்ப முடியாது. துடைத்த தரையில் பைன் மரக் காடு வீசவில்லையென்றால் துடைக்கவே இல்லை என்று பொருள். துவைத்த துணி மலைச்சாரலாக மணக்க வேண்டும், குப்பைப் பை வெனிலாவாக மணக்க வேண்டும், பனிக்காலத்தில் ஜன்னல்களெல்லாம் அடைத்துக் கிடக்கையில் இரண்டும் சேர்ந்து படிக்கட்டு வழியே மேலேறி எல்லாரையும் நலம் விசாரிக்க வேண்டும். கேட்டுப்பாருங்கள். "இயற்கையானதுங்க" என்பார். பாம்பு விஷமும் இயற்கைதானே? "அதுல வாசனை இல்லையே!"

மூன்றாம் மாடிக்கு ரமோனா ட்ரெண்ட் குடிவந்தார். பேருந்து ஓட்டுபவர், ஆஸ்துமா உள்ளவர். கம்பளம் ஒட்டாத தரை, பூஞ்சை படராத சுவர், சம்பளத்துக்குள் வாடகை - மூன்றும் ஒன்றாக வேண்டுமென்று பதினொரு வீடு பார்த்தார். பூஞ்சையை மறைக்க மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்த வீடுகளே பாதி. எங்கள் கட்டடம் பன்னிரண்டாவது. அவர் இருமுவதைக் கேட்டு மனம் இளகித்தான் எல்மர் அந்தப் பெட்டியைச் செய்து, சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஐந்தே நிமிடம். ரமோனா படியில் உட்கார்ந்திருந்தார், கையில் இன்ஹேலர், தோள்கள் ஏறி ஏறி இறங்க.

"என்னம்மா, பெட்டி ஓடலையா?"

"ஓடுது. ரூம் பூரா எலுமிச்சைய ஊதுது."

"கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா இருக்கட்டுமேன்னு ரெண்டே ரெண்டு..."

"காத்துல இருக்கற கண்டதையும் பிடிச்சு வெக்கத்தான் பெட்டி, எல்மர். நீங்க அதுக்கே எலுமிச்சைய ஊட்டி அனுப்பியிருக்கீங்க."

"வாசனையே இல்லேன்னா சுத்தமாச்சுன்னு எப்படிம்மா தெரியும்?"

"நான் மூச்சு வாங்காம உங்களத் திட்டுவேன். அதான் அடையாளம்." ரமோனா இன்னொரு முறை மருந்தை இழுத்துக்கொண்டார். "இங்கயும் இப்படித்தான்னா நான் காலி பண்ணணும். பதிமூணாவது வீட்டுக்கு நான் எங்க போவேன்?"

எல்மர் கலங்கிப்போனார். அன்றே புது ஃபில்டர்கள் வாங்கினார். கடையின் அடித்தட்டில், முழங்கால் போட்டால் மட்டும் கண்ணில் படும் இடத்தில், மணமில்லாத சோப்பும் இருந்தது. மற்றதைவிட விலை குறைவு. சந்தேகத்தோடு வாங்கினார். வீட்டிலிருந்த ஸ்ப்ரே பாட்டில்களையெல்லாம் மனைவி டெல்லா கார் டிக்கியில் போட்டுப் பூட்டினார். "அந்தப் பக்கம் போன, கைய ஒடிச்சிருவேன்."

எல்மர் மணமில்லாத சோப்பால் கைகழுவி, அம்புக்குறி பார்த்து, இடுக்கில்லாமல் ஒட்டி முடித்தார். பெட்டியை முகர்ந்தார். ஒன்றுமே இல்லை. உப்புப் போடாமல் விருந்துக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்காரரின் முகத்தோடு அதைச் சுற்றி மூன்று முறை நடந்தார். ஆனாலும் தொடவில்லை. மகத்தான வெற்றி!

ஆனால், ஒரு பெண்மணியின் கதவைத் தட்டப்போகிறவர் அப்படியே எழுந்து போய்விடுவாரா? முகம் மழித்தார். தலை வாரினார். கன்னம் இரண்டிலும் ஆஃப்டர்ஷேவ் லோஷனைத் தாராளமாகத் தட்டிக்கொண்டார்.

சிரிக்காதீர்கள். உடம்பு சரியில்லாத ஒருவரைப் பார்க்க நீங்கள் கடைசியாகக் கிளம்பினீர்களே, சட்டை மாட்டியதற்கும் செருப்பு மாட்டியதற்கும் நடுவில் என்ன செய்தீர்கள்? காலரைக் கொஞ்சம் முகர்ந்து பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

மூன்றாம் மாடிக் கதவு சங்கிலி விட்ட அளவுக்குத் திறந்தது. மூக்குதான் முதலில் வந்தது.

"அங்கயே வெச்சிட்டு ஆறு படி கீழ எறங்குங்க எல்மர்."

"பெட்டியில ஒண்ணும் போடலம்மா, சத்தியமா!"

"நான் பெட்டியச் சொல்லல."

எல்மர் எண்ணி எண்ணி ஆறு படி இறங்கினார். சங்கிலி விலகியது. "ரொம்ப நன்றி, மகராசரே! நாளைக்குக் குளிச்சிட்டு வாங்க, ஒண்ணும் பூசாம!" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ரமோனா கையை நீட்டிப் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டார்.