அம்மிக்கு அடியில் பாஸ்வேர்டு

திங்கட்கிழமை காலையில் 'களம்' உடைந்தது. களம் என்றால், கோயமுத்தூர் இளவட்டங்களில் பாதிப் பேர் சோறு தண்ணீர் மறந்து சுட்டுத் தள்ளிக்கொண்டிருக்கும் ஆன்லைன் விளையாட்டு. அதன் சர்வருக்குள் எவனோ புகுந்து ஆட்களின் கணக்குகளை அள்ளிக்கொண்டு போய்விட்டான். கம்பெனிக்காரர்கள் ஒரே ஒரு வரி அறிவிப்புப் போட்டார்கள்: எல்லோரும் உடனே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

ஒரே ஒரு வரி! இவ்வளவு பெரிய துக்கத்துக்கு இவ்வளவு சின்னப் பரிகாரமா? யார் மனசு ஆறும்?

'கணபதி கேமர்ஸ்' வாட்ஸ்அப் குழு கொதித்தது. ஒருவர் இது வெளிநாட்டுச் சதி என்றார். இன்னொருவர் சனிப்பெயர்ச்சி என்றார். மூன்றாமவர் கம்பெனியைக் கண்டித்துச் சாகும்வரை உண்ணாவிரதம் அறிவித்துவிட்டு, மத்தியானம் பிரியாணியைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தார். பாஸ்வேர்டை மாற்றியவர் யாரும் இல்லை. எல்லோரும் கோபப்படுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

அப்போதுதான் குழுவில் இருந்த கருப்புசாமி ஒரு பதிவு போட்டான். "ஆனைமலைக்குப் போயி அந்த ஹேக்கர் பேருல மிளகாய் அரைச்சுப்போட்டு வரலாமுங்களா?"

பொருள் களவு போனால் ஆனைமலை மாசாணியம்மனிடம் போய் மிளகாய் அரைத்து முறையிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். கருப்புசாமி கேலியாகத்தான் எழுதினான், சிரிக்கும் பொம்மைகூடப் போட்டிருந்தான். ஆனால் சாயங்காலத்துக்குள் அந்தப் பதிவு ஊரெல்லாம் சுற்றிவிட்டது. சிரிக்கும் பொம்மை வழியில் எங்கேயோ விழுந்துவிட, கும்பிடும் கை வந்து ஒட்டிக்கொண்டது.

எரிகிற வீட்டில் பிடுங்க ஆள் வேண்டுமே? வந்தார் சென்னகேசவன். போன மாதம் வரை கணபதியில் மொபைல் கடை வைத்து, போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தவர். காற்றுக் குமிழ் விழாமல் ஒன்றுகூட ஒட்டத் தெரியாது. கடை படுத்ததும் அவருக்கு ஞானம் எழுந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே அதே கடையில் ஒரு அம்மிக்கல், மூட்டை மிளகாய், வாசலில் ஃப்ளெக்ஸ்: 'சைபர் சித்தர் சென்னகேசவ அடிகள். ஹேக்கர் எந்த நாட்டில் இருந்தாலும் எரியும்.'

கூட்டம் அலைமோதியது. அந்தியூர் குதிரைச் சந்தையில்கூட இப்படி இடிபட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கூட்டத்தில்தான் சபரீஷும் நின்றான்.

சபரீஷுக்குக் கணபதியில் பம்புசெட் பட்டறை. 'நொய்யல் நரிகள்' என்ற அணிக்குத் தலைவன். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. தலைவனின் கணக்கு வழியாகத்தான் அணியே களத்துக்குள் நுழைய முடியும். அது போனால் ஐந்து பேரின் ஒரு வருட உழைப்பும் போச்சு. இத்தனைக்கும் அவன் கணக்கு திருட்டுப் போகவே இல்லை. பத்திரமாகத்தான் இருந்தது. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. எந்த நேரமும் போய்விடுமோ என்று பயந்து பயந்து தூக்கம் கெட்டிருந்தான்.

"ஏனுங்க சாமி, போகாத கணக்குக்கும் அரைக்கலாமுங்களா?" என்று கேட்டான்.

"போகறதுக்கு முன்னால அரைக்கறதுதான் கண்ணு ரொம்ப விசேஷம்" என்றார் சித்தர். "சீட்டுல உன்ற கணக்குப் பேரையும் பாஸ்வேர்டையும் எழுதி அம்மிக்கு அடியில வை."

"பாஸ்வேர்டு எதுக்குங்க?"

"எந்தப் பூட்டுன்னு தெரியாம மிளகாய் எந்தத் திருடனைக் கடிக்கும்? நீயே சொல்லு. இன்னொண்ணு. ஒரு மண்டலத்துக்குப் பாஸ்வேர்டை மாத்திப்போடாதே. மாத்தினா மிளகாய் உன்னையவே திருப்பிக் கடிச்சுப்போடும்."

கட்டிய மனைவிக்குச் சொல்லாத பாஸ்வேர்டைச் சிலர் எழுதினார்கள். சபரீஷ் அவன் அம்மா சென்னியம்மாள் தலையில் அடித்துச் சத்தியம் கேட்டபோதும் சொல்லாததை எழுதினான். மிளகாயை அரைத்தான். கண்ணீர் வந்தது. பக்தி என்று நினைத்துக்கொண்டான். சித்தர் சீட்டுகளை அள்ளிக்கொண்டு திரைக்குப் பின்னால் தியானத்துக்குப் போனார்.

மறுநாள் சபரீஷின் கணக்கு காணாமல் போயிருந்தது.

"மாத்துச் சூனியம்!" என்றார் சித்தர், கொஞ்சமும் அசராமல். "ஹேக்கர் மலையாளத்து ஆளை வெச்சிருக்கான். இன்னொருக்கா அரைக்கோணும்."

சபரீஷ் மறுபடி அரைத்தான். சம்பவம் இத்தோடு முடிந்திருந்தால் கோயமுத்தூரில் இன்றைக்கு மிளகாய் விலை எங்கேயோ போயிருக்கும்.

அணியில் லோகப்பிரியா என்றொரு பெண். பி.காம். படிக்கிறாள். குறி தப்பாமல் சுடுகிறவள். சபரீஷின் கையைப் பார்த்தாள். மிளகாய்ச் சிவப்பு இன்னும் போகவில்லை.

"அண்ணா, களம் உடைஞ்சது திங்கக்கிழமை. உங்க கணக்கு போனது என்னைக்கு?"

"வியாழக்கிழமை, அம்மணி."

"சீட்டு எழுதினது?"

"புதன்கிழமை."

"அப்பவும் சந்தேகம் வரலைங்களாண்ணா?"

சபரீஷுக்குச் சுருக்கென்றது. சந்தேகம் வந்தது. ஆனால் அதை ஒத்துக்கொண்டால் ஊருக்கு நடுவில் முட்டாளாக வேண்டும். சித்தரை நம்புவது அதைவிடச் சுலபமாக இருந்தது. "சாமியைச் சோதிக்கப் படாது" என்று முணுமுணுத்தான்.

"சாமியைச் சோதிக்கலைங்கண்ணா. சென்னகேசவனைச் சோதிக்கலாம். வாங்க."

வெள்ளிக்கிழமை அவள் களத்தில் புத்தம்புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினாள். பெயர்: வடிகட்டின முட்டாள். களம் உடைந்து நாலு நாள் கழித்துப் பிறந்த கணக்கு. எந்த ஹேக்கர் பட்டியலிலும் இருக்க வாய்ப்பில்லை. பாஸ்வேர்டு அவளுக்கு மட்டுமே தெரியும். கருப்புசாமியின் போனில் அந்தக் கணக்கை நண்பனாகச் சேர்த்துவிட்டு, தன் போனை அணைத்து அவனிடமே கொடுத்தாள். பிறகு அவனையும் சபரீஷையும் கடைக் கூட்டத்தில் நிறுத்திவிட்டு, சித்தர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"சாமி, என்ற கணக்குல தங்கக் கோடாலி இருக்குதுங்க. யாருகிட்டயும் இல்லாததுங்க."

சித்தரின் கண்ணில் ஒரு வெளிச்சம். "சீட்டு எழுது, அம்மணி."

அவள் முதலில் மிளகாயை அரைத்தாள். நன்றாக, கை மணிக்கட்டு வரை சிவக்க. அதே கையால் சீட்டை எழுதி மடித்து வைத்தாள். "ஊட்டுக்குப் போனதும் மொதல் வேலையா பாஸ்வேர்டை மாத்திப்போடுவேனுங்க. எங்கப்பா சொல்லிப்போட்டாருங்க."

சித்தர் பதறினார். மண்டலமாவது ஒண்ணாவது! மற்ற சீட்டுகளை விட்டுவிட்டு அவள் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் ஓடினார். அவசர தியானம்.

லோகப்பிரியா சிவந்த இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்திருந்தாள். சபரீஷ் வேண்டிக்கொண்டான், என்ன வேண்டுவது என்று தெரியாமலே.

கருப்புசாமியின் போன் கூவியது. அவன் உரக்கப் படித்தான். "வடிகட்டின முட்டாள் இப்போது ஆன்லைனில் இருக்கிறார்."

"என்ற போன் அணைஞ்சு கெடக்குது. கை இங்கிருக்குது" என்றாள் லோகப்பிரியா. "அப்ப உள்ள வெளையாடறது யாருங்க?"

பதில் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

"ஐயோ கண்ணு! கண்ணு எரியுதே! தண்ணி! தண்ணி!"

மிளகாய்ச் சீட்டைப் பிரித்த கையால் வேர்வையைத் துடைத்திருக்கிறார் மகான். ஒரு கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு, மறு கையில் போனோடு, திரையைக் கிழித்துக்கொண்டு வெளியே விழுந்தார். சபரீஷ் போனைப் பிடுங்கினான். போன் திரையில் தங்கக் கோடாலியைத் தேடி அலைந்துகொண்டிருந்தது வடிகட்டின முட்டாள். இன்னும் கீழே தள்ளினால், விற்பனைக்கு என்று வரிசையாக ஊர்க்காரர்களின் கணக்குகள். அதில் அவனுடையதும் இருந்தது.

அவனுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. "திருடனைத் தேடி திருடன் கையிலயே சாவியைக் குடுத்துப்போட்டனே!" என்று வாய்விட்டே சொன்னான். பிறகு, கம்பெனி முதல் நாளே சொன்ன அந்த ஒரு வரி வேலையைச் செய்தான். அந்தப் போனிலேயே தன் கணக்கைத் திறந்து பாஸ்வேர்டை மாற்றினான். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஞாயிறன்று நரிகள் களமிறங்கினார்கள். கோப்பை கிடைக்கவில்லை, இரண்டாம் இடம்தான். சென்னகேசவன் காவல் நிலையத்தில் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தார்.

இதோடு ஊருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? திங்கட்கிழமை கணபதி கேமர்ஸ் குழுவில் ஒரு பதிவு: 'சாமியார் போலி. ஆனா அம்மி ஒரிஜினல்! திருடன் கண்ணையே எரிச்சுப்போட்டது பாத்தீங்களா!' கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். பூட்டிய கடை வாசலில் மாலையோடு ஆட்கள்.

சபரீஷ் பட்டறை ஆட்களோடு போய், கூட்டத்தை விலக்கி, அம்மியைத் தூக்கி வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். சென்னியம்மாள் அன்றைக்கே அதில் சட்னி அரைத்தாள். நல்ல காரம். தின்ற எல்லோருக்கும் எரிந்தது, ஒருவரும் திருடர் இல்லை.

சட்னி அரைப்பது அம்மியின் வேலை. யோசிப்பதையும் அதன் தலையில் கட்டிவிட்டால், அப்புறம் நம் தலை எதற்கு, ஹெட்போன் மாட்டவா?