கடலோரத்துச் செடி

'தெரியாது' என்பது நான்கெழுத்துச் சொல். முப்பத்திரண்டு வயது வரை அதை நான் வாயால் சொன்னதில்லை. பஸ் எப்போது வரும் என்று வழியில் போகிறவர் கேட்டால்கூட ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். (அந்த நேரத்துக்கு வராவிட்டால் அது பஸ்ஸின் தவறு.) முதன்முதலாக அந்தச் சொல்லைச் சொன்ன நாள், இடம், நேரம் மூன்றும் என் டைரியில் இருக்கின்றன. மூன்று வருடத்துக்கு முன், மகர மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கொச்சி படகுத்துறை பெஞ்சில், மதியம் பன்னிரண்டு ஐந்துக்கு. அந்த பெஞ்சுக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதுதான் கதை.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். கொச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளர் வேலை. கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன், கண்ணில் பட்டதையெல்லாம் தேதியோடு குறித்து வைப்பேன். அறை ஜன்னலில் புறா முட்டையிட்ட நாள்கூட என்னிடம் உண்டு. சுகந்தி அதே ஊரில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு என்னைப் பிடித்திருந்தது. (காரணம் இன்றுவரை பதிவாகவில்லை.) என் அக்கா சரோஜாவும் சரி சொல்லிவிட்டாள். பாக்கி இருந்தது சுகந்தியின் அம்மா பேச்சியம்மா ஒருவர்தான். பூப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடமாகக் கொழுந்து கிள்ளுகிறவர். "ஆளைப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சுகந்தி அதில் தெளிவாக இருந்தாள்.

எங்கே சந்திப்பது என்ற கேள்விக்கு நான் தேர்ந்தெடுத்தது காயலோரத்துச் சிற்பப் பூங்கா. திறந்தவெளி, நல்ல காற்று, யார் வேண்டுமானாலும் இலவசமாக உள்ளே போகலாம். உண்மையான காரணம் வேறு. ஹோட்டலில் உட்கார்ந்தால் சாப்பிடத்தான் முடியும். பூங்காவில் நான் பேசலாம். ஒவ்வொரு சிற்பத்துக்கும் பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. முந்தைய இரண்டு ஞாயிறுகளில் போய் இருபத்துமூன்று பலகைகளையும் நோட்டில் எழுதி, கல் எங்கிருந்து வந்தது, செய்தவர் யார், எந்த வருடம் என்று அத்தனையும் மனப்பாடம் செய்தேன். இதைச் சுகந்தியிடம் பெருமையாகச் சொன்னபோது அவள் நோட்டை வாங்கி மூடி வைத்தாள். பிறகு, "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சதச் சொல்றவங்களப் பத்திக் கவலையில்ல. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுங்க, போதும்" என்றாள். அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். படிக்கத்தான் மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, நானும் அக்காவும் காத்திருந்த பூங்கா வாசலுக்குச் சுகந்தியோடு பேச்சியம்மா வந்தார். ஒல்லியான உடம்பு, அழுத்தி வாரிய தலை, எதையும் அவசரமில்லாமல் பார்க்கிற கண். கையில் ஒரு துணிப்பை. என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அக்காவைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பில் பங்கு கிடைக்கவில்லை.

முதல் இருபத்துமூன்று சிற்பங்களும் பிரமாதமாகப் போயின. அதாவது, எனக்கு. கருங்கல் மீனைக் காட்டினேன், வளைந்த பித்தளைக் கதவைக் காட்டினேன், வருடங்களைச் சரம் சரமாக விட்டேன். பேச்சியம்மா எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். பதினோராவது சிற்பத்தின் அருகே அக்கா என் முதுகைச் சுரண்டி, "ஏன்டா கண்ணு, அந்தம்மாவக் கொஞ்சம் உக்காரச் சொல்லேன். கால் வலிக்குமில்ல" என்றாள். வருட வரிசை கெட்டுவிடும் என்று நான் உட்கார விடவில்லை.

பூங்காவின் கடைசி மூலை, தண்ணீர்க் கரையில் திரும்பினேன். அங்கே இருபத்துநான்காவதாக ஒன்று நின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை அது அங்கே இல்லை. இரும்புக் கம்பியால் செய்த பெரிய பெண் உருவம், காயலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தலையைப் பின்னால் சாய்த்திருந்தது. கூந்தல் இருக்க வேண்டிய இடத்தில் இடுப்பு உயரத்துக்கு நீளநீளமான மண்தொட்டிகள், அவற்றில் நிஜச் செடிகள். கிளைகள் காற்றில் தாறுமாறாகப் பறந்தன. அங்கங்கே சின்ன வெள்ளைப் பூக்கள். பெயர்ப்பலகை இல்லை. பலகை வைக்கிற கம்பம் மட்டும் வெறுமையாக நின்றது.

பேச்சியம்மா அன்றைக்கு முதல் தடவையாகத் தானாக ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இது என்ன செடி?"

இப்போது யோசித்தால் அந்தக் கேள்வியின் தொனியிலேயே விடை இருந்தது. நான் தேயிலையைப் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னலிலிருந்து, மலைச்சரிவில் சீராக வெட்டிவிட்ட பச்சைப் பாயாக மட்டும்தான். வெட்டாமல் விட்டால் அது கிளைவிட்டுப் பூக்கும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தேனோ, அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. வாய் மட்டும் திறந்தது.

"இது கடலோரத்துச் செடிங்கம்மா. உப்புக்காத்து பட்டாத்தான் வளரும். மலையில கொண்டுபோய் வெச்சா ஒரு வாரம் தாங்காதுங்க."

சுகந்திக்கு இருமல் வந்தது. காற்று ஒத்துக்கொள்ளவில்லை போல என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க நான் படித்த புத்தகங்கள் போதாது. பேச்சியம்மா "அப்படியா" என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. தண்ணீர்ப் பக்கம் திரும்பி, இந்தச் செடியைப் பழங்கால மாலுமிகள் கப்பலில் கொண்டுவந்தது, கரையில் நட்டது, மீனவப் பெண்கள் தலையில் சூடியது என்று ஒரு முழு வரலாற்றை அக்காவுக்குச் சொல்லத் தொடங்கினேன். அத்தனையும் அந்த நிமிடத்தில் பிறந்தவை. கால் மணி நேரம் பேசியிருப்பேன். அக்கா கேட்டுக்கொண்டே என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் பெரிதாகிக்கொண்டே போனது. என் பேச்சின் சுவை என்று நினைத்தேன்.

விசில் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

இரும்புப் பெண்ணின் பறக்கிற கூந்தலில் ஒரு பாதி காணாமல் போயிருந்தது. அந்தப் பாதி, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் பையன்களுக்கு வெட்டிவிடுகிற தலை மாதிரி, மேசை போல் சமமாக இருந்தது. பேச்சியம்மா இரண்டு கையாலும் கிள்ளிக்கொண்டிருந்தார். கை மட்டும் ஓடியது, முகம் எங்கோ இருந்தது. துணிப்பை உப்பியிருந்தது. விசிலடித்துக்கொண்டே வந்த காவலாளியை அவர் அப்போதுதான் பார்த்தார். பார்த்ததும் கை நின்றது, முகம் வெளிறியது. முப்பத்தொரு வருடத்துப் பழக்கம் அவரைக் கேட்காமலே வேலை செய்துவிட்டிருந்தது.

"ஆராணு இது பறிச்சது?" என்று காவலாளி மலையாளத்தில் கேட்டார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்த வரலாற்றாசிரியன் ஓடிவிட்டான். நான் முன்னால் போய்த் துணிப்பையை வாங்கி மாட்டிக்கொண்டு, நான்தான் பறித்தேன் என்றேன். காவலாளி என் இஸ்திரிச் சட்டையைப் பார்த்தார், சட்டைப்பையில் இருந்த மூன்று பேனாக்களைப் பார்த்தார், சமமாகக் கிள்ளிய செடியைப் பார்த்தார். எப்படிப் பறித்தாய், செய்து காட்டு என்றார்.

நான் ஒரு கிளையைப் பிடித்து இழுத்தேன். அது வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். கிளையோடு செடியும், செடியோடு வேரும், வேரோடு ஒரு கூடை மண்ணும் என் நெஞ்சில் வந்து விழுந்தன.

அந்த நேரம் பார்த்து, கையில் பித்தளைப் பலகையும் திருகாணிகளுமாக ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார். அந்தச் சிற்பத்தைச் செய்தவர் அவர்தான். காலையில்தான் வேலை முடித்து, காபி குடித்துவிட்டுப் பலகை பொருத்த வந்திருக்கிறார். மண்ணோடு நிற்கிற என்னையும் மொட்டைத் தொட்டியையும் பார்த்தார். பேச்சியம்மா என் கையிலிருந்த செடியைப் பிடுங்கினார்.

"அவரு பறிக்கலம்மா. இந்தக் கையப் பாத்தா கொழுந்து கிள்ளுன கையாவா தெரியுது? நாந்தான் கிள்ளுனேன். கவாத்து வெட்டாமக் கெடந்துச்சு, பாத்துக்கிட்டு நிக்க மனசு கேக்கல. தப்புத்தான்."

சிற்பி தொட்டிகளைச் சுற்றி நடந்தார். சமமாக இருந்த பாதியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். எத்தனை வருடம் என்று தமிழில் கேட்டார். பேச்சியம்மா சொன்னார். பிறகு இருவரும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, இந்த வெயிலில் எந்த நேரம் தண்ணீர் விடுவது, எங்கே நிழல் கட்டுவது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பாதியை அப்படியே விடலாம், மறுபாதி பறக்கட்டும், பார்க்க நன்றாக இருக்கிறது என்று சிற்பி முடிவு செய்தார். எல்லாம் முடிந்து எழுந்தபோது, வேர் பிடுங்கிய பள்ளத்தைக் காட்டி இது யார் வேலை என்று கேட்டார். நான்கு பேரும் என்னைக் காட்டினார்கள். காவலாளி கொஞ்சம் கூடுதல் உற்சாகத்தோடு காட்டினார்.

பலகை பொருத்தப்பட்டது. முதல் வரியிலேயே தேயிலை என்று இருந்தது. நான் அதை நோட்டில் எழுதவில்லை.

படகுத்துறை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் சட்டையிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது. எல்லாம் போயிற்று என்று நிச்சயமாகத் தெரிந்தது. பேச்சியம்மா திரும்பினார்.

"தம்பி, நான் கேட்டப்ப அது என்ன செடின்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

மணி பன்னிரண்டு ஐந்து.

"தெரியாதுங்கம்மா."

"மாலுமி கொண்டாந்தது?"

"அதுவும் தெரியாதுங்க."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு செடி பொழச்சிருக்கும்" என்றார். அப்புறம் அக்கா பக்கம் திரும்பி, "நாள் பாத்துச் சொல்லுங்க. எனக்காகப் பொய் சொல்ல வந்த பிள்ள. அதுவும் நல்லா வரல. பரவாயில்ல, தேறிருவாரு" என்றார்.

சுகந்தி மறுபடியும் இருமினாள். இந்தமுறை நான் தண்ணீர் கொடுக்கவில்லை.

அந்தப் பையில் இருந்த கொழுந்தைப் பேச்சியம்மா கையாலேயே கசக்கி, உலர்த்தி, வறுத்து, நிச்சயத்தன்றைக்குத் தேநீராகப் போட்டுக் கொடுத்தார். வாயில் வைக்க முடியவில்லை. நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

என் நோட்டில் இருபத்துநான்காம் எண்ணுக்கு நேரே சுகந்தியின் கையெழுத்தில் 'தேயிலை. மலையிலும் வளரும்' என்று இருக்கிறது. அதோடு விட்டிருக்கலாம். எங்கள் வீட்டுக்கு யார் வந்து, நான் எந்த வருடத்து விவரத்தை எடுத்துவிட ஆரம்பித்தாலும், இப்போது எங்களோடு இருக்கிற பேச்சியம்மா அத்தை அடுப்படியிலிருந்து டம்ளரோடு வந்துவிடுகிறார். விருந்தாளி முன்னால் வைத்து, என்னைப் பார்க்காமலே சொல்வார்:

"குடிங்க. கடலோரத்துச் செடிதான். எங்க மாப்பிள்ள வேரோட புடுங்கினது."